மின்சாரத்தைச் சேமிக்கும் பெட்டி எங்கே இருக்கவேண்டும்: வீட்டிலா, துணைமின் நிலையத்திலா?

கரிசல்மண் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக மனதில் கிடக்கும் விஷயம் இது. கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2012-ஐ நினைத்துப் பாருங்கள். சென்னையில் இரண்டு மணி நேரம் மின்வெட்டு என்றால், கோவில்பட்டிப் பக்கம் எங்கள் தெருவில் 12 மணி நேரத்துக்குக் குறையாது. அம்மா மோட்டார் வைத்த தையல் மெஷினில் பாவாடை, ஜாக்கெட் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். கரண்ட் எப்போது வருகிறதோ அப்போது எழுந்து உட்கார்ந்து தைக்கவேண்டும், அது ராத்திரி இரண்டு மணியானாலும் சரி.

மின்வெட்டு கூடத் தொடங்கிய காலத்தில் தெருவே ஒன்றாகக் கிளம்பி ஈ.பி. ஆபீசுக்குப் போகும். வாத்தியார் முன்னால் நிற்பார், ஜவுளிக்கடைக்காரர் பேசுவார், நாங்கள் பின்னால் நிற்போம். ஏ.இ. (உதவிப் பொறியாளர்) வெளியே வந்து பதில் சொல்லித்தான் ஆகவேண்டும். அப்புறம் ஒவ்வொரு வீடாக இன்வெர்ட்டர் வந்தது. முதலில் வாத்தியார் வீடு, அடுத்து கடைக்காரர் வீடு. ஆறேழு மாதம் கழித்து மனு கொடுக்கப் போனபோது அம்மாவும், இன்னும் இரண்டு தையல்காரப் பெண்களும், மாவு மில் வைத்திருந்த அண்ணாச்சியும்தான் மிச்சம். நாலு பேர் போனால் என்ன நடக்கும்? மனுவை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

வாத்தியார் மேல் எனக்குக் கோபம் கிடையாது. பிள்ளை பத்தாம் வகுப்பு படிக்கும்போது யாராக இருந்தாலும் வாங்கத்தான் செய்வார்கள். ஆனால் அந்த பேட்டரிப் பெட்டி எங்கள் தெருவில் யார் பேசுவார்கள், யார் பேசமாட்டார்கள் என்பதையே மாற்றிவிட்டது. எனக்கு அன்றைக்குப் புரியவில்லை, இப்போது புரிகிறது.

இப்போது எங்கு பார்த்தாலும் ஆற்றல் சேமிப்பு ஆராய்ச்சி பற்றிய செய்திதான். பேட்டரி விலை சரிகிறது, அரசு விதிகள் மாறுகின்றன. ஆராய்ச்சி முன்னேறினால் எல்லோருக்கும் நல்லது என்றுதான் எழுதுகிறார்கள். என் கேள்வி: அந்த நல்லது எந்த வழியாக யார் வீட்டுக்குப் போகிறது? பெட்டி எங்கே இருக்கவேண்டும் என்று யார் முடிவு செய்கிறார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

ஓய்வுபெற்ற மின்னாளர் எழுதியது:

தம்பி, உங்கள் பதிவைப் படித்துவிட்டு சற்று நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. அந்த ஆண்டுகளில் மனு வாங்கும் பக்கத்தில் நின்றவன் நான்.

நீங்கள் சொன்னதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த இன்வெர்ட்டர்கள் மின்வெட்டை நீட்டவும் செய்தன. கணக்கு எளிது. 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரியில் நிறைந்திருப்பது 1.8 யூனிட். ஈயம்-அமில பேட்டரியில் போடுவதில் கிட்டத்தட்ட முப்பது சதவீதம் வெப்பமாகவும் வாயுவாகவும் போய்விடும். கரண்ட் வந்த நொடியில் தெருவிலுள்ள எல்லாப் பெட்டிகளும் ஒரே நேரத்தில் சார்ஜ் ஏறத் தொடங்கும். வீட்டுக்கு 200 வாட் என்று வையுங்கள். நூறு வீட்டுக்கு 20 கிலோவாட். 100 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மரின் ஐந்தில் ஒரு பங்கை அதுவே தின்றுவிடும், மேலே மோட்டாரும் மின்விசிறியும் வேறு. ஃபியூஸ் போகும், ஃபீடர் (துணைமின் நிலையத்திலிருந்து வரும் கம்பித்தடம்) டிரிப் ஆகி நின்றுவிடும், லைன்மேன் ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். இருந்த கொஞ்ச மின்சாரத்தையும் சேமிக்கிறோம் என்று வீணடித்தோம். இதை எந்தக் கொள்கை வகுப்பவரும் அன்று கணக்கில் எடுக்கவில்லை, ஏனென்றால் வீட்டுக்குள் இருக்கும் பெட்டி யாருடைய பதிவேட்டிலும் இல்லை.

இத்தனைக்கும் நம் மாநிலத்துக்குச் சேமிப்பு புதிதல்ல. கோவை மாவட்டத்துக் காடம்பாறை நீரேற்று மின்நிலையம் 1987-89-லேயே ஓடத் தொடங்கியது. நான்கு இயந்திரம், ஒவ்வொன்றும் 100 மெகாவாட். மலைக்குள் குடைந்த நிலையம். மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் மேல் ஆழியாறு நீர்த்தேக்கத்திலிருந்து காடம்பாறை அணைக்குத் தண்ணீரை ஏற்றுவார்கள், தேவை ஏறும் நேரத்தில் திறந்துவிடுவார்கள். ஏற்றச் செலவான நான்கு யூனிட்டில் மூன்று திரும்பக் கிடைக்கும். அதுவும் சேமிப்புதான், ஆனால் அது ஊருக்கே பொது. கோவில்பட்டித் தையல் மெஷினுக்கும் அதில் பங்கு உண்டு.

அதற்குப் பிறகு முப்பது வருடத்தில் முப்பந்தல், ஆரல்வாய்மொழி, உடுமலை என்று காற்றாலைகளை நட்டுக்கொண்டே போனோம். சேமிப்பை மட்டும் நடவில்லை. ஆடியில் காற்று பிய்த்துக்கொண்டு அடிக்கும்போது காற்றாலையை நிறுத்தச் சொல்வோம், பேக்-டவுன் என்போம். குந்தாவில் 500 மெகாவாட் நீரேற்றுத் திட்டம் எத்தனை காலமாகப் பேச்சில் இருக்கிறது என்று நீலகிரிக்காரர்களைக் கேளுங்கள்.

---

கரிசல்மண் எழுதியது:

ஐயா, நீங்களே பதில் எழுதியதற்கு நன்றி. ஒரு சந்தேகம். காற்றாலை முதலாளிகள் ஆடியில் உற்பத்தி செய்ததை மாசியில் எடுத்துக்கொள்வார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அப்போது அது எங்கே சேமிக்கப்பட்டது?

---

ஓய்வுபெற்ற மின்னாளர் எழுதியது:

நல்ல இடத்தைத் தொட்டீர்கள். அதற்கு 'பேங்கிங்' என்று பெயர். காகிதத்தில் மட்டுமே சேமிப்பு. ஏப்ரல் தொடங்கி மார்ச் முடியும்வரை கணக்கு. காற்றுக் காலத்தில் ஆலைக்காரர் மின்சாரத்தை வாரியத்திடம் போட்டுவைப்பார். காற்றில்லாத மாதத்தில் திரும்பக் கேட்பார். நடுவில் பேட்டரியும் இல்லை, அணையும் இல்லை. வாரியம் அன்றைய விலைக்கு வெளியே வாங்கியோ அனல் நிலையத்தை ஓட்டியோ கொடுக்கும். அதற்கு ஒரு கட்டணம் பிடிப்போம், ஆனால் முழுச் செலவுக்கும் அது ஈடாகாது என்று நாங்கள் சொல்வோம், ஈடாகும் என்று அவர்கள் சொல்வார்கள். ஒழுங்குமுறை ஆணையத்தின் முன் இந்த வழக்கு வருடக்கணக்காக ஓடியது. 2018 மார்ச்சுக்குப் பிறகு வந்த காற்றாலைகளுக்கு அந்தப் பன்னிரண்டு மாத பேங்கிங் இல்லை என்று ஆனது.

உங்கள் கேள்விக்குப் பதில் இதில்தான் இருக்கிறது. சேமிப்புக்கு எப்போதும் ஒரு விலை உண்டு. பெட்டி கண்ணுக்குத் தெரிகிறதோ இல்லையோ, அந்த விலையை யாரோ கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

---

அயனி எழுதியது:

மின்வேதியியல் ஆய்வகம் ஒன்றில் வேலை செய்கிறேன், காரைக்குடிக்காரி. கரிசல்மண் அண்ணா கேட்ட "எந்த வழியாக" என்ற கேள்வியை ஆய்வகப் பக்கத்திலிருந்து பார்க்கிறேன்.

ஆராய்ச்சி முதலில் நடக்கும், கொள்கை அப்புறம் வரும் என்ற எண்ணம் பாதிதான் சரி. ஸ்டான்லி விட்டிங்ஹாம் எக்ஸான் எண்ணெய் நிறுவனத்தில் லித்தியம் பேட்டரியில் இறங்கியதே எழுபதுகளில் எண்ணெய் தீர்ந்துவிடுமோ என்றிருந்த பயத்தால். எண்பதுகளில் எண்ணெய் மலிவானது, அந்த நிறுவனம் பேட்டரியைக் கைவிட்டது. 1980-ல் ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் குட்இனஃப் குழு லித்தியம் கோபால்ட் ஆக்சைடைக் கண்டுபிடித்தபோது, பல்கலைக்கழகம் அதற்குக் காப்புரிமை எடுக்கக்கூட முன்வரவில்லை. ஜப்பானில் அகிரா யோஷினோ 1985-ல் அதை வைத்துப் பாதுகாப்பான ஒரு பேட்டரி செய்துகாட்டினார், 1991-ல் சோனி சந்தைக்குக் கொண்டுவந்தது. மூவருக்கும் நோபல் கிடைத்தது 2019-ல். குட்இனஃபுக்கு அப்போது 97 வயது. ஸ்டாக்ஹோமில் அவர் சார்பில் நோபல் உரையைப் படித்தவர் அவருடைய நெடுநாள் ஆய்வுத் துணை ஆறுமுகம் மந்திரம், தென் தமிழகக் கிராமத்தில் பிறந்து மதுரையில் படித்தவர். அந்தக் காணொளியை எங்கள் ஆய்வகத்தில் எல்லோரும் கூடி உட்கார்ந்து பார்த்தோம். கைதட்டினோம்.

இப்போது கிரிட்டில், அதாவது பொது மின்வலையில், வைக்கும் பேட்டரிகளில் பெரும்பாலும் இருப்பது லித்தியம் இரும்பு பாஸ்பேட். 1997-ல் ஏ.கே. பாதி, நஞ்சுண்டசாமி, குட்இனஃப் ஆகிய ஆய்வாளர்கள் மூவரும் டெக்சாஸிலிருந்து எழுதிய கட்டுரையில் தொடங்கியது. கோபால்ட் வேண்டாம், நிக்கல் வேண்டாம், இரும்பு போதும். அது உலகத்தை மாற்ற இருபது வருடத்துக்கு மேல் ஆனது. வேதியியல் எப்போதோ தயாராகிவிட்டது, தாமதித்தது காப்புரிமை. சீன உற்பத்தியாளர்கள் தங்கள் நாட்டுக்குள்ளேயே விற்றால் உரிமைக் கட்டணம் வேண்டாம் என்று ஓர் ஏற்பாடு இருந்தது. அரசு மானியமும் சேர்ந்துகொள்ள, அங்கே தொழிற்சாலைகள் பெருகின. 2022-ஐ ஒட்டி முக்கியக் காப்புரிமைகள் காலாவதியானபோது மற்ற நாடுகள் எட்ட முடியாத தூரத்தில் சீனா இருந்தது. 2024-ல் பேட்டரித் தொகுப்பின் உலகச் சராசரி விலை கிலோவாட்-மணிக்கு 115 டாலர். 2010-ல் ஆயிரத்துக்கும் மேல்.

எங்கள் ஊர் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்துக்கு வள்ளல் அழகப்பர் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டினார். நாட்டு விடுதலைக்கு ஒரு வருடம்கூட முடியவில்லை. மின்வேதியியல் நாட்டுக்குத் தேவை என்று அப்போதே ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது, அதை நினைத்தால் இன்றும் சிலிர்க்கும். ஆனால் உண்மையைச் சொல்கிறேன்: ஆய்வகத்தில் நாங்கள் கண்டுபிடிப்பது "எவ்வளவு மலிவு, எவ்வளவு நாள் உழைக்கும்" என்பதைத்தான். "யாருக்கு" என்ற கேள்வி எங்கள் மேசைக்கு வருவதே இல்லை.

---

கரிசல்மண் எழுதியது:

அப்படியானால் அந்தக் கேள்வி எந்த மேசையில் இருக்கிறது, அயனி?

---

ஓய்வுபெற்ற மின்னாளர் எழுதியது:

நான் சொல்கிறேன். கணக்குப் போடுகிறவர்களின் மேசையில்.

மத்திய மின்சார ஆணையம் 2020 ஜனவரியில் ஓர் ஆய்வு வெளியிட்டது. 2029-30-ல் நாட்டுக்கு எந்த வகை மின்சாரம் எவ்வளவு இருந்தால் செலவு குறையும் என்று கணினி மாதிரியில் பார்த்தார்கள். பேட்டரி 27,000 மெகாவாட், நான்கு மணி நேரத்துக்கு, அதாவது 1,08,000 மெகாவாட்-மணி வேண்டும் என்று வந்தது. அதே கணக்கை 2023 ஏப்ரலில் திரும்பப் போட்டபோது 41,650 மெகாவாட், 2,08,250 மெகாவாட்-மணி. மூன்றே வருடத்தில் ஏறக்குறைய இரட்டிப்பு. இப்படிப்பட்ட எண்கள்தான் விதிகளுக்கு அடிப்படை. மின்வினியோக நிறுவனங்கள் தாங்கள் விற்கும் மின்சாரத்தில் 2023-24-ல் 1 சதவீதமாவது சேமிப்பு வழியாக வந்திருக்கவேண்டும், 2029-30-க்குள் அது 4 சதவீதம் ஆகவேண்டும் என்று 2022 ஜூலையில் மத்திய மின்துறை அறிவித்தது.

அடுத்தது விலை. 2022 ஆகஸ்டில் மத்திய சூரிய ஆற்றல் கழகத்தின் ஏலத்தில் ஒரு மெகாவாட்டுக்கு, இரண்டு மணி நேரச் சேமிப்புக்கு, மாத வாடகை 10.83 லட்சம் ரூபாய் என்று விலை வந்தது. ஒரு நாளைக்கு இரண்டு முறை ஏற்றி இறக்கினால் மாதம் 1,20,000 யூனிட். அப்படியானால் சேமிப்புக்கு மட்டும் யூனிட்டுக்கு ஏறக்குறைய 9 ரூபாய். வாரியங்கள் தொடப் பயந்தன. 2024-ல் குஜராத் ஏலத்தில் 4.49 லட்சம். அதே கணக்கில் 3 ரூபாய் 74 காசு. மதியச் சூரிய மின்சாரம் 3 ரூபாய்க்குக் கிடைத்தால், இழப்பையும் சேர்த்து 7 ரூபாய் சொச்சத்தில் இரவு எட்டு மணிக்குக் கொடுக்கலாம். மின்சாரச் சந்தையில் அந்த நேரத்தில் உச்சவரம்பான 10 ரூபாயைக் கொடுத்து வாங்கிக்கொண்டிருக்கிறோம். 2024 மே 2-ல் நம் மாநிலத்தின் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. சூரியன் இறங்கிய பிறகு என்ன செய்வது என்பதுதான் இப்போது முழுத் தலைவலி.

தம்பி, உங்கள் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்லும் ஒரு வரியும் அரசாணையில் இருக்கிறது. 2023 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை 4,000 மெகாவாட்-மணி பேட்டரிக்கு மூலதனத்தில் 40 சதவீதம் வரை உதவ ஒப்புக்கொண்டது. அதில் ஒரு நிபந்தனை: அந்தச் சேமிப்பில் 85 சதவீதமாவது மின்வினியோக நிறுவனங்களுக்குப் போகவேண்டும். அதாவது பொதுப் பணத்தில் வரும் பெட்டி பொதுக் கம்பிக்கே. அந்த வரியை எழுதிய அதிகாரி யாரோ, அவருக்கு என் வணக்கம்.

---

தெற்குச்சிலுவை எழுதியது:

அடிலெய்டிலிருந்து எழுதுகிறேன். இந்த ஊர் கதையைச் சொல்லாமல் இந்த விவாதம் முடியாது.

2016 செப்டம்பர் 28. புயலில் மின்கோபுரங்கள் சாய்ந்து தெற்கு ஆஸ்திரேலியா முழுவதும் இருண்டது. நான் மருத்துவமனை டியூட்டியில் இருந்தேன். வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு சிக்னல் விளக்குகூட எரியவில்லை. அடுத்த நாளே காற்றாலைகள்தான் காரணம், இல்லை கோபுரம்தான் காரணம் என்று அரசியல் சண்டை. 2017 மார்ச்சில் ஈலான் மஸ்க் ட்விட்டரில் 100 நாளில் பேட்டரி வைத்துத் தருகிறேன், தவறினால் இலவசம் என்றார். மாநில அரசு ஒப்பந்தம் போட்டது. அப்போதைய மத்திய நிதியமைச்சர் ஸ்காட் மாரிசன் அதைச் சாலையோரத்தில் சுற்றுலாப் பயணிகள் படம் எடுத்துக்கொள்ளும் பெரிய வாழைப்பழச் சிலையோடு ஒப்பிட்டுப் பேசினார்.

2017 டிசம்பர் 1-ல் ஹார்ன்ஸ்டேல் பேட்டரி ஓடத் தொடங்கியது. 100 மெகாவாட், 129 மெகாவாட்-மணி. இரண்டே வாரத்தில், டிசம்பர் 14 அதிகாலை, கிட்டத்தட்ட ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் விக்டோரியாவில் லாய் யாங் அனல் நிலையத்தின் ஒரு அலகு நின்றுபோனது. 560 மெகாவாட் சட்டென்று காணாமல் போனது. மின்வலையின் அதிர்வெண் விழ ஆரம்பித்த நொடிக்குள் ஹார்ன்ஸ்டேல் மின்சாரத்தை உள்ளே தள்ளியது. அளவு சின்னதுதான், 7 மெகாவாட் சொச்சம். ஆனால் அந்த வேகத்தை வரைபடத்தில் பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். மின்சந்தையை நடத்தும் அமைப்பும் அடுத்த ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கையில் அதன் வேகத்தையும் துல்லியத்தையும் உறுதி செய்தது. அரை மணிக்கு ஒருமுறை கணக்குப் பார்த்த சந்தை, 2021 அக்டோபரிலிருந்து ஐந்து நிமிடக் கணக்குக்கு மாறியது. நொடியில் ஓடும் இயந்திரத்துக்கு அரை மணிக் கணக்கில் கூலி கொடுத்தால் நியாயமாக இருக்காது அல்லவா?

சரி, அது பொதுப் பெட்டியின் கதை. வீட்டுப் பெட்டியின் கதையும் இங்கே உண்டு. 2025 ஜூலை 1 முதல் வீட்டு பேட்டரிக்கு மத்திய அரசு சுமார் 30 சதவீதம் தள்ளுபடி தருகிறது. 230 கோடி டாலர் ஒதுக்கினார்கள். மக்கள் வாங்கிய வேகத்தில் அது போதாமல், அதே டிசம்பரில் 720 கோடியாக உயர்த்தினார்கள். நல்ல திட்டம்தான், மாலை நேரச் சுமை குறையும். ஆனால் நான் வாடகை வீட்டில் இருக்கிறேன். கூரை என்னுடையது இல்லை, சுவர் என்னுடையது இல்லை. என் வரிப்பணமும் அந்த 720 கோடியில் இருக்கிறது. என்னோடு வேலை பார்க்கும் முக்கால்வாசி நர்சுகள் இப்படித்தான். கரிசல்மண் அண்ணா, உங்கள் அம்மாவைப் போல நாங்களும் பெட்டி இல்லாத வீட்டுக்காரர்கள்.

---

அயனி எழுதியது:

அக்கா, ஒரு சின்னக் குறிப்பு. ஹார்ன்ஸ்டேல் 2019-ல் நுகர்வோருக்கு 116 மில்லியன் ஆஸ்திரேலிய டாலர் மிச்சப்படுத்தியது என்று ஓர் ஆய்வு எல்லா நாட்டுக் கொள்கைக் கூட்டங்களிலும் மேற்கோள் காட்டப்படுகிறது. அதைச் செய்த ஆரகன் நிறுவனத்தை அமர்த்தியது பேட்டரியின் உரிமையாளரான நியோயென். கணக்கு தவறு என்று நான் சொல்லவரவில்லை, அதிர்வெண் சேவைச் செலவு இறங்கியது உண்மை. ஆனால் எந்த ஆய்வையும் யார் காசில் நடந்தது என்று பார்த்துவிட்டுத்தான் படிக்கவேண்டும். எங்கள் துறைக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

வீட்டுக்கும் கிரிட்டுக்கும் நடுவில் ஒரு வழி அங்கே சோதிக்கப்பட்டதே, மேற்கு ஆஸ்திரேலியாவில்?

---

தெற்குச்சிலுவை எழுதியது:

ஆமாம், மெடோ ஸ்பிரிங்ஸில், 2018-ல். தெருவுக்குப் பொதுவாக 420 கிலோவாட்-மணி பேட்டரி ஒன்று. கூரையில் சூரியத் தகடு உள்ளவர்கள் நாளுக்கு ஒரு டாலர் கொடுத்தால் அதில் 8 யூனிட் வரை போட்டுவைத்து இரவில் எடுத்துக்கொள்ளலாம். வங்கி லாக்கர் மாதிரி. பெட்டிக்குப் பல ஆயிரம் டாலர் போடத் தேவையில்லை, சுவரில் இடம் தேடவேண்டாம், பராமரிப்பும் அவர்கள் பொறுப்பு. அதன் பிறகு நாடு முழுக்க 400 சமூக பேட்டரிகள் வைக்க மத்திய அரசு 20 கோடி டாலர் ஒதுக்கியது. 720 கோடிக்குப் பக்கத்தில் 20 கோடி எவ்வளவு சிறியது என்று பாருங்கள். லாக்கருக்கும் கூரையில் தகடு வேண்டும் என்பதையும் மறைக்கக்கூடாது. தகடு இல்லாதவர்களுக்கு மதியம் மூன்று மணி நேரம் இலவச மின்சாரம் 2026 ஜூலையிலிருந்து என்று சொல்லியிருக்கிறார்கள். பகலில் தூங்கி இரவில் வேலை பார்க்கும் எங்களைப் போன்றவர்களுக்கு அதாவது உதவும். துணி துவைக்கலாம்.

---

எண்ணூர்க்காரி எழுதியது:

எல்லாம் படித்தேன். எல்லோரும் "பொதுப் பெட்டி" நல்லது என்கிற மாதிரி பேசுகிறீர்கள். அந்தப் பொதுப் பெட்டியை எந்த ஊரில் வைப்பார்கள்?

எங்கள் பக்கம் அனல் நிலையச் சாம்பல் ஆற்றில் கலந்து கிடக்கிறது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்தபோது கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு, கண் எரிய, எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் ஓடினோம். சைரன் இல்லை. யாரும் வந்து சொல்லவில்லை. அதனால்தான் கேட்கிறேன். கலிஃபோர்னியாவில் மாஸ் லேண்டிங் என்ற இடத்தில் 2025 ஜனவரி 16 அன்று பெரிய பேட்டரி நிலையம் எரிந்து, ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களை வீட்டைவிட்டு வெளியேற்றினார்கள். அதுவும் பழைய மின்நிலைய வளாகம்தான், கடற்கரையோரம்தான், விவசாயத் தொழிலாளர்கள் வாழும் பகுதிதான். பழைய அனல் நிலையம் இருந்த இடத்தில் கம்பித்தடம் ஏற்கெனவே இருக்கிறது, அதனால் அங்கேயே வைக்கலாம் என்று பொறியாளர்கள் சொல்வார்கள். அந்த "அங்கேயே" எப்போதும் எங்கள் ஊர்தான்.

சேமிப்பு வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். நிலக்கரி நிற்கவேண்டும் என்று எங்களைவிட ஆசைப்படுகிறவர்கள் யாரும் இல்லை. ஆனால் முன்கூட்டியே எங்களிடம் சொல்லவேண்டும், தீப்பிடித்தால் என்ன செய்வது என்று எங்கள் தெருவில் வந்து பயிற்சி தரவேண்டும்.

---

அயனி எழுதியது:

அக்கா, நீங்கள் கேட்பது முழுக்க நியாயம், அறிவியலும் உங்கள் பக்கம்தான் நிற்கிறது.

மாஸ் லேண்டிங்கில் எரிந்த பகுதியில் இருந்தவை நிக்கல்-மாங்கனீஸ்-கோபால்ட் வகைக் கலங்கள், ஒரு பழைய கட்டடத்துக்குள் நெருக்கமாக அடுக்கப்பட்டவை. ஒரு மூலையில் பற்றினால் எல்லாவற்றுக்கும் பரவும் அமைப்பு. பிறகு சான் ஹோசே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அருகிலுள்ள எல்க்ஹார்ன் கழிமுகத்தின் மண்ணில் அதே மூன்று உலோகத் துகள்களையும் கண்டார்கள். தீக்குப் பிறகு புதிதாக வந்து அளந்தவர்கள் இல்லை அவர்கள், பல வருடமாக அந்தச் சதுப்புநிலத்தை ஆய்ந்துகொண்டிருந்தவர்கள். அதனால்தான் "முன்பு எவ்வளவு இருந்தது" என்று ஒப்பிட்டுச் சொல்ல முடிந்தது. எண்ணூருக்கும் அதுதான் முதல் தேவை: பெட்டி வருவதற்கு முன்பே மண்ணையும் தண்ணீரையும் அளந்து வைக்கவேண்டும்.

இதற்கு முன்னால் 2019 ஏப்ரலில் அரிசோனாவின் சர்ப்ரைஸ் நகரில் 2 மெகாவாட்-மணிச் சிறு நிலையம் ஒன்று. புகை வந்தது, தீயணைப்பு வீரர்கள் சில மணி நேரம் காத்திருந்து கதவைத் திறந்தார்கள், உள்ளே தேங்கியிருந்த வாயு வெடித்தது. பலர் பலத்த காயமடைந்தார்கள். விசாரணையில் தெரிந்தது என்னவென்றால், தீயணைக்கும் வாயு வேலை செய்திருக்கிறது, ஆனால் கலங்களிலிருந்து வெளிவந்த எரிவாயு போக வழியே இல்லை. அந்தப் பாடத்துக்குப் பிறகு காற்றுப்போக்கி, பெட்டிகளுக்கு நடுவில் இடைவெளி, வெடிப்பைத் தணிக்கும் அமைப்பு எல்லாம் விதிகளில் அழுத்தமாக வந்தன. இப்போது வைக்கப்படுபவை பெரும்பாலும் வெட்டவெளியில் தனித்தனிக் கொள்கலன்கள், இரும்பு பாஸ்பேட் வகை. ஆபத்து குறைவு. இல்லவே இல்லை என்று மட்டும் யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

இன்னொரு உண்மையும் சொல்லவேண்டும். வீட்டுப் பெட்டியும் யாரோ ஒருவர் ஊருக்குத்தான் கடைசியில் போகிறது. இன்வெர்ட்டரின் ஈய பேட்டரி செத்ததும் பழைய இரும்புக்காரரிடம் போடுகிறோம். அதில் ஒரு பகுதி ஊர்க்கோடியில் திறந்த உலையில் உருக்கப்படுகிறது. 2020-ல் யூனிசெஃபும் பியூர் எர்த்தும் சேர்ந்து வெளியிட்ட கணக்கின்படி, உலகக் குழந்தைகளில் மூன்றில் ஒருவருடைய ரத்தத்தில் ஈயம் அபாய அளவில் இருக்கிறது. முறையில்லாமல் பேட்டரி உருக்குவது அதற்கு ஒரு முக்கியக் காரணம். நம் நாட்டில் 2022-ல் புதிய பேட்டரிக் கழிவு விதிகள் வந்து, திரும்பப் பெறும் பொறுப்பை உற்பத்தியாளர் மேல் வைத்தன. அது தெருமுனை வரை வந்து சேரவேண்டும்.

---

நெய்தல்கரை எழுதியது:

யாழ்ப்பாணத்திலிருந்து. எங்கட நாட்டில் இந்தக் கேள்வி இப்ப மிகச் சூடாக இருக்கிறது.

2022-இல் மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. அதில் பட்ட பாட்டால், வசதி உள்ள ஆக்கள் எல்லாரும் கூரையில் சோலர் போட்டினம். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. தொழிற்சாலைகள் பூட்டு, தேவை குறைவு, வெயிலோ நல்ல வெயில். பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து தடங்கல் வந்ததும் நாடு முழுக்க மின்சாரம் போயிட்டுது. குரங்கைச் சொல்லிக் கதைத்த ஆக்கள்தான் கூட. உண்மையான விசயம் வேறை. அந்த நேரம் மின்சாரத்தில் பெரும் பங்கு சோலரில் இருந்து வந்துகொண்டிருந்தது. கனமான சுழலிகள் குறைவாக ஓடும்போது வலையமைப்புக்கு அதிர்ச்சியைத் தாங்கிற நிலைப்புத் தன்மை இல்லை. நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்தின் மூன்று இயந்திரமும் நிண்டதால் அடுத்த நாட்களும் மின்வெட்டு.

ஏப்ரல் சித்திரைப் புத்தாண்டுக்கு சோலர் வைத்திருக்கிற வீட்டுக்காரரை 13-ஆம் திகதி தொடங்கி 21 வரை பகல் 3 மணி வரை அதை நிற்பாட்டி வைக்கச் சொல்லி மின்சார சபை கேட்டுக்கொண்டது. கடன் எடுத்துப் போட்ட சோலர், நல்ல வெயில், நிற்பாட்டி வைக்கச் சொன்னால் எப்படி இருக்கும்? சேமிப்பு இல்லாமல் சோலரை மட்டும் வளர்த்தால் என்ன வரும் எண்டு அந்த ஒரு கிழமை நாட்டுக்கே விளங்கப்படுத்தியது. அதுக்குப் பிறகுதான் 16 இடங்களில் இடத்துக்கு 10 மெகாவாட் பற்றரி எண்டு கேள்விப்பத்திரம் (டெண்டர்) கோரினவை. வீட்டுப் பற்றரியிலிருந்து இரவு உச்ச நேரத்தில் கொடுக்கிற அலகுக்குக் கூடின விலையும் அறிவித்தார்கள். ரெண்டு பாதையும் ஒண்டாகப் போகுது.

ஆனால் எங்களுக்குக் கிட்ட இன்னொரு கதை இருக்கு. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு. மூன்றுக்கும் தரையிலிருந்து கம்பி இல்லை, டீசல்தான். சூரியன், காற்று, பற்றரி சேர்ந்த கலப்பு மின்திட்டம் 2021-இல் ஒரு சீன நிறுவனத்துக்கு எண்டு முடிவானது. இந்தியா எதிர்த்தது. பிறகு இந்தியா 11 மில்லியன் டொலர் நன்கொடையாகத் தர, 2024 மார்ச்சில் இந்திய நிறுவனத்தோடு ஒப்பந்தம். ரெண்டு பெரிய நாடுகள் பற்றரிக்கு இழுபட்ட மூன்று வருசமும் நெடுந்தீவில் டீசல் இயந்திரம்தான் ஓடினது. என்ர மாமி அங்கதான் இருக்கிறா. கரிசல்மண் அண்ணை கேட்ட "பெட்டி எங்க இருக்கவேணும்" எண்ட கேள்வியை எங்கட தீவில் ஒருத்தரும் மாமியிட்டக் கேக்கேல்லை.

---

கரிசல்மண் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. எழுதும்போது ஒரு கேள்விதான் இருந்தது. படித்து முடித்தபோது ஒரு வேலை கிடைத்திருக்கிறது.

இப்போது மத்திய அரசின் வீட்டுச் சூரியத் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் உண்டு, பேட்டரிக்கு இல்லை. பேட்டரிக்கும் கொடுங்கள் என்று கோரிக்கை நிச்சயம் வரும், ஆஸ்திரேலியாவைக் காட்டிக் கேட்பார்கள். கொடுக்கட்டும். ஆனால் அந்தக் காசு சொந்த மாடி உள்ளவர்களுக்கு மட்டும் போனால், 2012 திரும்ப வரும். மாடி உள்ளவர்கள் இரவு நேரக் கட்டணத்திலிருந்து தப்பித்துவிடுவார்கள். கம்பிக்கும் டிரான்ஸ்ஃபார்மருக்கும் ஆகும் செலவை ஓட்டு வீட்டுக்காரர்களும் வாடகைக்காரர்களும் சுமப்பார்கள்.

2022 ஆகஸ்டில் கட்டண உயர்வுக்காக மதுரையில் நடந்த மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். பேசியவர்களில் பெரும்பாலோர் ஆலைச் சங்கத்துக்காரர்கள், கையில் அச்சடித்த அட்டவணையோடு வந்திருந்தார்கள். எனக்கு மூன்று நிமிடம். நான் அம்மாவைப் பற்றிச் சொன்னேன். கேட்டுக்கொண்டார்கள். என்னிடம் அட்டவணை இல்லை.

அடுத்த கூட்டத்துக்கு ஒரு மனு எழுதிப்போக நினைக்கிறேன். எங்கள் துணைமின் நிலையத்தில் ஒரு பேட்டரி வைத்தால், மாலை ஆறு முதல் பத்து வரை அந்தத் தெருக்களுக்கு எவ்வளவு மிச்சம், எத்தனை டிரிப் குறையும் என்று எண்ணோடு. ஐயா, இதற்கு என்ன தகவல் வேண்டும்? எங்கே கேட்கவேண்டும்?

---

ஓய்வுபெற்ற மின்னாளர் எழுதியது:

எழுதிக்கொள்ளுங்கள் தம்பி. உங்கள் துணைமின் நிலையத்தின் பெயர், அங்கிருந்து புறப்படும் 11 கே.வி. ஃபீடர்களின் பெயர். ஒவ்வொரு ஃபீடருக்கும் மணிவாரியான ஆம்பியர் அளவு, ஒரு வருடத்துக்கு. பதிவேட்டில் மணிக்கு ஒருமுறை எழுதுவார்கள், அது இருக்கும். எத்தனை முறை டிரிப் ஆனது, எவ்வளவு நேரம், அதுவும் இருக்கும். தகவல் உரிமைச் சட்டத்தில் செயற்பொறியாளர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பியுங்கள், முப்பது நாளில் பதில் தரவேண்டும். "ஏன்" என்று கேட்காதீர்கள், "நகல் வேண்டும்" என்று மட்டும் கேளுங்கள். தாள் கிடைத்ததும் இங்கே போடுங்கள், கணக்கை நான் போட்டுத் தருகிறேன். எவ்வளவு பெரிய பேட்டரி, எத்தனை மணி நேரம் என்பதை அயனியம்மா சரிபார்க்கட்டும்.

எண்ணூர் அம்மாவுக்கும் ஒன்று சொல்கிறேன். உங்கள் பக்கத்துக்கு ஏதாவது திட்டம் வந்தால் தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்றும் அவசரகாலத் திட்டமும் கேட்டு இதே முறையில் விண்ணப்பியுங்கள். வரைவை நான் எழுதித் தருகிறேன்.

---

எண்ணூர்க்காரி எழுதியது:

தாருங்கள் ஐயா. எங்கள் மகளிர் குழுவில் பதினாறு பேர் இருக்கிறோம். பதினாறு பேரும் தனித்தனியாக விண்ணப்பிக்கிறோம்.